கெட்ட சீட்டுக்குக் குங்குமம்

கார் ஓட்டும் பரீட்சையில் நான் இரண்டு முறை தோற்றவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது எடுத்துச் சொல்லி நான் திருதிருவென்று முழிப்பதைவிட இது மேல்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மில்பிடாஸில் ஒரு அபார்ட்மென்டில் மாடி வீடு. என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று சொல்லி, அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே தாங்கள் குழம்பிப் போயிருந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். எனக்குக் கிடைத்தது அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த மனைவி விசா. அதில் வேலைக்குப் போகக் கூடாது. ஈரோட்டில் நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். லாரி, டவுன் பஸ், கரும்பு வண்டி மூன்றுக்கும் நடுவே மொபெட்டில் புகுந்து புறப்பட்டு, முதல் பீரியடுக்கு மணி அடிக்கும் முன் வகுப்பில் நிற்பேன். அப்படிப்பட்ட என்னை இங்கே சாமான் மாதிரி காரில் ஏற்றி, சாமான் மாதிரி இறக்கினார்கள். கொத்தமல்லி வாங்க வேண்டும் என்றாலும் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். கொத்தமல்லிக்கும் எனக்கும் வித்தியாசம் என்னவென்றால், அதை ஃபிரிட்ஜில் வைப்பார்கள்.

இரண்டாவது தடவை தோற்ற அன்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் யோசித்துச் சொன்னேன்.

"மூணாவது தடவையும் ஃபெயில் ஆச்சுன்னா பாப்பாவக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருவேன். ஜூன்ல காலேஜ் திறக்கறப்போ நான் அங்க இருப்பேன். சொல்லிப்போட்டேன்."

"சரி சரி, முதல்ல காபி போடு," என்றார் அவர்.

கல்லூரியில் எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு ஜூனோடு முடிகிறது. அப்போது போய்ச் சேராவிட்டால் வேலை போனது போனதுதான். நான் டிராவல் ஏஜென்டுக்குப் போன் பண்ணி, ஃபிளைட் தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அவர் தினமும் பால் எடுக்கும்போது அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, பால் தீரப் போகிறது என்று மட்டும் சொல்வார். அந்த மனிதரிடமிருந்து வேறு ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்ன் அடித்தேன். பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த அம்மாள் மூன்றாவது ஹார்னில் என்னைப் பார்த்து, "யாரையாவது கூப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். இரண்டாவது தடவை ஒரு எலுமிச்சம்பழம். பரீட்சைக்குப் போகும் வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்தால் திருஷ்டி கழியும் என்று யோசனை சொன்னது என் வீட்டுக்காரர். சாமி நம்பிக்கை கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவர் அவர். காரைச் சுற்றிவந்து சோதித்த பரீட்சைக்காரர் குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். "பாதுகாப்புக்கு," என்றேன். அவர் அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு பச்சை விளக்கு விழுந்ததும் நான் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தேன். பச்சை விளக்கை நம்பி வண்டியை விடுகிறவள் ஈரோட்டில் எத்தனை நாளைக்கு உயிரோடு இருப்பாள்? அதை அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. காருக்குள் எலுமிச்சை வாசம் மட்டும் ஒரு வாரம் இருந்தது.

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பெரியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு ஒன்று நடந்தது. எனக்கு இங்கிலீஷ் வரும். வெளியே போக ஒரு சாக்குதான் வரவில்லை, அதனால் சேர்ந்தேன். அங்கே என் வயசுள்ள ஒரு ஜப்பான்காரப் பெண் பழக்கமானாள். அவளுடைய புருஷனையும் கம்பெனி அனுப்பியிருந்தது. அவளும் இரண்டு தடவை தோற்றவள். நாங்கள் சிநேகிதமாவதற்கு அதைவிட என்ன வேண்டும்? திடீரென்று ஒரு திங்கட்கிழமை, கார் சாவியைக் கிலுக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். மூன்றாவது தடவை பாஸ். எனக்குச் சந்தோஷம் கால் பங்கு, வயிற்றெரிச்சல் முக்கால் பங்கு. எப்படி என்று கேட்டேன். வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் அவர்களுடைய ஷிண்டோ கோயில் ஒன்று இருக்கிறது, அந்தக் காலத்தில் குடியேறியவர்கள் கட்டியது, அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கென்றே தனியாகத் தாயத்து தருகிறார்கள் என்றாள். "வெரி ஸ்ட்ராங்," என்று முஷ்டியை மடக்கிக் காட்டினாள். வழியையும் எழுதிக் கொடுத்தாள். கோயிலில் எப்படி நடந்துகொள்வது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதை எனக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா என்ன?

"நம்ம கோயில்தான் இருக்கே, அங்க போலாமே," என்றார் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, ரெண்டு தடவை அங்க போயிட்டுத்தான டெஸ்டுக்குப் போனேன்? என்ன ஆச்சு?"

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். அவர், நான், பின் சீட்டில் நாலு வயசு மகள். என் மடியில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஊதுபத்தி எல்லாம் மில்பிடாஸ் கடையில் வாங்கியது. 680 ஃப்ரீவேயில் ஏறி, மேடெல்லாம் ஏறி இறங்கி, கீழே கப்பல் நிற்கிற ஒரு நீண்ட பாலத்தைத் தாண்டிப் போகிற வழி. பாலத்தின்மேல் லாரி பக்கத்தில் வந்தபோது நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன். "உனக்கெதுக்கு இந்த வேலை, தட்டப் பிடி," என்றார்.

கோயிலுக்கு ஒரு பக்கம் பூஞ்செடி நாற்றுப்பண்ணை, இன்னொரு பக்கம் டயர் கடை. டயர் கடை பக்கத்தில் இருப்பதே நல்ல சகுனம் என்றார், சகுனம் பார்க்காதவர். சாயம் வெளுத்த சிவப்பில் இரண்டு மரத்தூண், மேலே குறுக்காக இரண்டு மரம். அதுதான் வாசல். வாசலருகே ஒரு பலகையில் கோயிலின் கதை எழுதியிருந்தது. பூத்தோட்டம் போட்ட ஜப்பானியர்கள் கூலி வேலை போக மிச்ச நேரத்தில் கட்டியதாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானோடு மோதியபோது அவர்களையெல்லாம் முகாமுக்குக் கொண்டுபோய் அடைக்க, கோயில் பூட்டிக் கிடந்ததாம். பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சாவியை வாங்கி வைத்திருந்து, அவர்கள் திரும்பி வந்ததும் கொடுத்தாராம். நான் அதை இரண்டு தடவை படித்தேன். திரும்பி வர முடியுமா என்றே தெரியாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிறகு நாங்கள் எங்கள் வேலையைக் காட்ட ஆரம்பித்தோம்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றினோம். உள்ளே முற்றம் முழுக்கச் சரளைக்கல். ஏப்ரல் வெயிலில் அது நன்றாகவே காய்ந்திருந்தது. எதிரே வந்த ஒரு குடும்பம் ஷூ போட்டுக்கொண்டு சாவகாசமாக நடந்தது. சின்ன வயசுக்காரர்கள், பக்தி போதாது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தார். மகள் வர மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு நானும் குதித்துக் குதித்துப் போனேன்.

அடுத்து ஒரு கல்தொட்டி. அதில் தண்ணீர், மேலே நீளக் கைப்பிடி வைத்த மூங்கில் அகப்பைகள். கோயிலில் அகப்பையும் தண்ணீரும் இருந்தால் அது தீர்த்தம்தான். வலது கையைக் குழித்து மூன்று முறை வாங்கிக் குடித்தேன். மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். அவருக்கும் ஊற்றினேன். மகளுக்கும் ஊற்றப் போனபோது அவள் விரலை நீட்டினாள்.

"அம்மா, தே ஆர் ஸ்பிட்டிங் இட் அவுட்!"

பக்கத்தில் ஒரு அம்மாள் கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, ஓரமாகக் குனிந்து துப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் தலையில் தடவிக்கொண்ட கை தலையிலேயே இருந்தது. வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இது குடிக்கிற தண்ணீரா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுவதும் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சன்னதிக்கு முன்னால் மட்டும் எங்களுக்கு எல்லாம் புரிந்தது. அங்கே வருகிறவர்கள் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டினார்கள். "அட, நம்ம சண்டிகேசுவரர்!" என்றேன். சிவன் கோயிலில் கடைசியாக அவர் முன்னால் நின்று, கோயிலிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று கையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தானே வெளியே வருவோம். நானும் பளார் பளாரென்று தட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் பக்கத்தில் வீட்டுக்காரர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். நெற்றி சுருங்கியிருந்தது. வயிறு வலிக்கிறதோ என்று நினைத்தேன்.

பிறகு பிரதட்சணம். கோயிலைச் சுற்றாமல் வருவது எப்படி? மூன்று சுற்று என்று கிளம்பினோம். பின்பக்கம் குப்பைத்தொட்டி, துணி காயும் கொடி, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஜப்பான்கார அம்மாளின் புருஷன். அவர் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது சுற்றில் கழிப்பறை இருக்கும் திசையைக் கையால் காட்டினார். மூன்றாவது சுற்றில் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக நின்றார்.

தேங்காய் விஷயத்தில்தான் கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டது. சன்னதிக்கு முன்னால் கல்லில் செய்த இரண்டு சிங்கங்கள் மாதிரியான காவல் உருவங்கள். அதில் ஒன்றின் பீடம் தேங்காய் உடைக்க வாகாக இருந்தது. வீட்டுக்காரர் தேங்காயை ஓங்கியதுதான் தாமதம், உள்ளேயிருந்து கோயிலம்மாள் ஓடிவந்தாள். கத்தவில்லை. இரண்டு கையையும் நீட்டி, குழந்தையை வாங்குவதுபோல் தேங்காயை வாங்கிக்கொண்டாள். தட்டையும் வாங்கி, குனிந்து வணங்கி, எல்லாவற்றையும் உள்ளே ஒரு மரப்பீடத்தில் அடுக்கி வைத்தாள். முழுத் தேங்காய், குடுமியோடு. உடைக்காத தேங்காயைச் சாமி என்ன பண்ணும் என்று எனக்கு மனசே ஆறவில்லை.

தாயத்து கிடைத்தது. பட்டுத் துணியில் தைத்த சின்னப் பை. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு மரப்பெட்டியைக் குலுக்கினால் ஓட்டை வழியாக ஒரு குச்சி வரும், குச்சியில் உள்ள எண்ணுக்குரிய இழுப்பறையில் ஒரு சீட்டு இருக்கும். எங்கள் பக்கம் சாமியிடம் பூ கேட்பதுபோல என்று புரிந்துகொண்டு, லைசன்ஸை மனதில் நினைத்துக் குலுக்கினேன். வந்த சீட்டு முழுக்க ஜப்பானிய எழுத்து. பக்கத்தில் ஒரு கம்பித் தட்டியில் சிலர் தங்கள் சீட்டைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளை வரத்துக்கு மரத்தில் தொட்டில் கட்டுவதில்லையா, அதுபோல ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது லைசன்ஸ். அதுவுமில்லாமல் சாமி கையில் கொடுத்ததை விட்டுவிட்டு வருவது என்ன மரியாதை? நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தட்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்கூரை மாதிரி வெட்டிய சின்ன மரப்பலகைகள் நிறையத் தொங்கின. வேண்டுதலை எழுதித் தொங்கவிடுவார்களாம். மகள் அவற்றைத் தட்டிச் சத்தம் எழுப்பி விளையாடினாள். கிளம்பலாம் என்று திரும்பினால் வீட்டுக்காரரைக் காணோம். கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

"எங்க போனீங்க? சரளையில கால் வேகுது எனக்கு!"

"ரெஸ்ட் ரூம். வயிறு சரியில்ல. நீ குடுத்த தீர்த்தம்."

திரும்பும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. தாயத்தை டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். சீட்டைச் சமையலறை அலமாரியில், சாமி படங்களுக்கு நடுவே சாய்த்து வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் ஊதுபத்தி காட்டினேன். பரீட்சை அன்று அதைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனேன்.

பாஸ்.

ஹார்ன் பக்கம் கையே போகவில்லை. பச்சை விளக்கை நம்பினேன். காரை நிறுத்தி இறங்கியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூரத்தில் நின்றிருந்த வீட்டுக்காரர் என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, மறுபடி போச்சு என்று நினைத்து வெளுத்துப்போனார். பாஸ் என்று சொன்னதும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நல்லது," என்றார். வீட்டுக்கு வந்ததும் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். காகிதம் அங்கேயே இருந்தது. பார்த்தார், மூடினார். பாஸ் ஆன பிறகும் நான் ஏன் அதை எடுக்கவில்லை? மறந்துவிட்டேன் என்றால் பொய். லைசன்ஸ் வந்தபின் இங்கே இருந்துவிடலாமா, இல்லை அந்த வகுப்பறைதான் பெரிதா என்று எனக்கே தெரியவில்லை. அவர் "இரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் தெரிந்துவிடும்போல இருந்தது. அவர்தான் பால் தீரப் போகிறது என்றாரே.

மே மாதம் ஜப்பான்காரத் தோழி காபிக்கு வந்தாள். சமையலறையில் அலமாரியைப் பார்த்தவள், கோப்பையைக் கீழே வைத்தாள். கிட்டே போய்க் குனிந்து, மஞ்சளும் குங்குமமுமாக நின்ற சீட்டைப் படித்தாள். முகம் மாறியது.

"பேட். திஸ் இஸ்... பிக் பேட்," என்றாள். இருப்பதிலேயே மோசமான சீட்டு அது. ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பயணம்: கூடாது. தொலைந்த பொருள்: கிடைக்காது. எதிர்பார்க்கும் ஆள்: வரமாட்டார். வீடு மாறுவது: பொறுத்திரு. கெட்ட சீட்டு வந்தால் அங்கேயே தட்டியில் கட்டி, கெட்டதைச் சாமியிடமே விட்டுவிட்டு வர வேண்டுமாம். யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்களாம்.

"தினமும் இதற்கு ஊதுபத்தி காட்டினேன்," என்றேன்.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்து, இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எதையும் எடுத்துப் போகவில்லை என்று கையைத் தட்டிக் காட்டிவிட்டு, கோயிலின் மொத்தக் கெட்ட நேரத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவள் நான்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால் சனிக்கிழமை போகலாம் என்பார். சனிக்கிழமை வரை இதை வீட்டில் வைத்திருப்பதா? மறுநாள் அவர் ஆபீஸ் நண்பரின் காரில், கார்பூல் என்று சேர்ந்து போகிற நாள். கார் கீழே நின்றது. மகளை டேகேரில் விட்டுவிட்டு, சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் முறையாகத் தனியாக ஃப்ரீவேயில் ஏறினேன். பயணம் கூடாது என்று எழுதிய சீட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கவே ஒரு பயணம். மேட்டில் லாரிகள் என்னைத் தாண்டின. பாலத்தின்மேல் வாய்விட்டுக் கந்தர் சஷ்டி சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே தாண்டினேன்.

இந்தத் தடவை செருப்போடு நடந்தேன். வாய் கொப்பளித்துத் துப்பினேன். சீட்டைத் தட்டியில் கட்டினேன். குங்குமம் பட்டது அந்தத் தட்டியிலேயே அது ஒன்றுதான். நிம்மதியாகத் திரும்பியபோது, பக்கத்தில் தொங்கிய பலகைகளில் ஒன்று கண்ணில் பட்டது. ஜப்பானிய எழுத்துக்கும் இங்கிலீஷுக்கும் நடுவே ஒரே ஒரு பலகையில் தமிழ். தடித்த மார்க்கரில், கோடு போடாமலே சாய்ந்து இறங்கும் கையெழுத்து. வீட்டு மளிகைப் பட்டியலில் நான் தினமும் திட்டுகிற கையெழுத்து.

"இவளுக்கு லைசன்ஸ் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் ஊருக்குப் போய்விடக் கூடாது. இரு என்று நான் சொன்னால் வேலையை விடச் சொன்ன பாவம் எனக்கு வரும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்."

கீழே எங்கள் அபார்ட்மென்ட் நம்பர், தெரு, ஜிப் கோடு எல்லாம் எழுதியிருந்தார். சாமி வழி தவறிவிடக் கூடாதல்லவா. சாமி நம்பிக்கை இல்லாதவர்.

சரளைக்கல்லில் நின்று அழுதேன், சிரித்தேன். எது முதலில் என்று நினைவில்லை. அந்தக் கால் மணி நேரம் அவர் எந்த ரெஸ்ட் ரூமுக்கும் போகவில்லை. என் தீர்த்தத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். வழியெல்லாம் நான் பேசாமல் வந்ததையும் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

கோயிலம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவளிடம் மார்க்கரைக் கேட்டு வாங்கினேன். பலகையில் ஜிப் கோடுக்குக் கீழே கொஞ்சம்தான் இடம் இருந்தது. நுணுக்கி எழுதினேன்:

"போகலை. சாவி என்கிட்ட இருக்கு."